கிராபிக்ஸ் கார்டும் கிரிப்டோ மைனிங்கும்: சென்னையில் பிசி வாங்குபவர்கள் கேட்கும் கேள்விகள்

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கார்டு வாங்கப் போகிறவர்கள், முக்கியமாக முதல் பிசியை அசெம்பிள் செய்யும் மாணவர்கள், மைனிங் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. சில பதில்கள் நீளமாக இருக்கும். காசு கைவிட்டுப் போவது அந்த இடங்களில்தான் என்பதால் சுருக்க மனம் வரவில்லை.

மைனிங் என்றால் என்ன? அதற்கு எதற்கு கேமிங் கார்டு?

கிரிப்டோ நாணயத்துக்கு வங்கி கிடையாது. யார் யாருக்கு எவ்வளவு அனுப்பினார்கள் என்ற பேரேட்டை உலகெங்கும் இருக்கும் கணினிகளே எழுதிக்கொள்கின்றன. அதில் அடுத்த பக்கத்தை யார் எழுதுவது என்பதற்கு ஒரு போட்டி. விடை விழும்வரை எண்ணை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். விழுந்தவருக்குப் புது நாணயம் பரிசு. ஒரே மாதிரிக் கணக்கை ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கில் போடுவது கிராபிக்ஸ் கார்டுக்குக் கைவந்த வேலை. திரையில் லட்சக்கணக்கான புள்ளிகளுக்கு நிறம் கணக்கிடுவதும் அதே வகை வேலைதானே.

பிட்காயினால்தான் கார்டு விலை ஏறியது என்கிறார்களே?

நேரடியாக இல்லை. 2009-ல் பிட்காயின் வந்தபோது சாதாரண பிராசஸரிலேயே மைனிங் செய்தார்கள். அடுத்த வருடம் கிராபிக்ஸ் கார்டுக்கு மாறினார்கள். 2013 வாக்கில் அந்த ஒரு வேலைக்கென்றே செய்த ஏசிக் இயந்திரங்கள் வந்ததும் கார்டுகளுக்கு அங்கே இடமில்லாமல் போய்விட்டது.

கேமர்களைக் கஷ்டப்படுத்தியது 2015 ஜூலையில் தொடங்கிய எத்தீரியம் என்ற இன்னொரு நாணயம். ஏசிக் இயந்திரம் வைத்திருக்கும் பெரிய ஆட்கள் மட்டும் ஆதிக்கம் செலுத்தக் கூடாது என்று, மெமரியை அதிகம் நம்பியிருக்கும் ஒரு முறையை அதில் வைத்தார்கள். வேகமான மெமரி எதில் இருக்கிறது? கேமிங் கார்டில். சாமானியர்களும் மைனிங் செய்யட்டும் என்று எடுத்த முடிவு சாமானிய கேமர்களின் தலையில் விடிந்தது. பிட்காயின் விலை ஏறும்போது மற்ற நாணயங்களும் கூடவே ஏறுவதால் பிட்காயினுக்கும் இதில் பங்கு உண்டு, ஆனால் அது மறைமுகம்.

2020, 2021-ல் கார்டே கிடைக்காமல் போனதற்கு மைனிங் மட்டும்தான் காரணமா?

மட்டும் இல்லை. 2020 செப்டம்பரில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3080 கார்டு வந்தது. அறிவித்த விலை 699 டாலர், இந்தியாவில் 71,000 ரூபாய். அந்த விலைக்கு அதைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. கொரோனாவில் வீட்டில் அடைந்திருந்த எல்லோருக்கும் பிசி தேவைப்பட்டது. மெமரி சிப்புக்கும் மற்ற பாகங்களுக்கும் தட்டுப்பாடு. ஏஎம்டி கார்டுகளும், பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் இரண்டின் சிப்புகளும் தைவானில் டிஎஸ்எம்சி என்ற சிப் ஆலையின் அதே 7 நானோமீட்டர் வரிசையில்தான் தயாராக வேண்டும்.

இத்தனைக்கும் மேல் மைனிங் வந்து உட்கார்ந்தது. 2021 முதல் மூன்று மாதங்களில் விற்ற கார்டுகளில் நான்கில் ஒரு பங்கு, ஏறத்தாழ 7 லட்சம், மைனர்களிடமும் பதுக்கி விற்பவர்களிடமும் போனதாக ஜான் பெடி ரிசர்ச் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. மீதி முக்கால் பங்கு கேமர்களுக்குத்தானே என்று கேட்கலாம். பற்றாக்குறை நேரத்தில் விலையை நிர்ணயிப்பது அதிகம் கொடுக்கத் தயாராக இருப்பவர்தான். கார்டு தினமும் டாலர் சம்பாதித்துத் தரும் என்று கணக்குப் போட்டவருக்கு இரண்டு மடங்கு விலை பெரிதில்லை. நாலைந்து மாதத்தில் எடுத்துவிடலாம் என்று நினைத்தார். கல்லூரி மாணவருக்கு அந்தக் கணக்கு கிடையாது. ஜெர்மனி, ஆஸ்திரியா கடைகளில் 2021 மே நடுவில் என்விடியா கார்டுகளின் சராசரி விலை அறிவித்த விலையைப் போல் மூன்று மடங்கு வரை போனது.

அப்போது சென்னையில் நிலைமை எப்படி இருந்தது?

மைனிங் உச்சத்தில் இருந்த அதே 2021 மே மாதம் தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு. ரிச்சி ஸ்ட்ரீட், நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு எல்லாம் அடைத்துக் கிடந்தன. வகுப்பு, வேலை எல்லாமே வீட்டில் நடந்ததால் பிசி தேவை மட்டும் அப்படியே இருந்தது. கடை திறந்த பிறகு கவுண்டரில் கேட்ட பேச்சு இதுதான்: "கார்டு மட்டும் கிடையாது சார், ஃபுல் பிசி எடுத்தா தர்றேன்." கார்டோடு யாருக்கும் வேண்டாத மதர்போர்டு, பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), சில நேரம் ஒரு மானிட்டர் என்று சேர்த்துக் கட்டிவிட்டார்கள். போனில் ஒரு விலை, கடைக்குப் போனால் ஒரு விலை, டெபிட் கார்டை நீட்டினால் இன்னொரு விலை.

எல்லா வியாபாரிகளையும் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு மேலே இருந்த விநியோகஸ்தர்களிடமிருந்தே அப்படித்தான் கட்டாயக் காம்போவாக வந்தது என்று பலர் சொன்னார்கள். ஆனால் பில்லில் ஒரு தொகையைப் போட்டுவிட்டு மீதியைக் கையில் கேட்டவர்களை மன்னிக்க முடியாது. அப்படி வாங்கியவர்கள் வாரண்டிக்குப் போனபோது பில் தொகையைத்தான் காட்ட முடிந்தது.

அடிபட்டவர்கள் கேமர்கள் மட்டும் இல்லை. சாலிகிராமம், வடபழனி பக்கம் எடிட்டிங், விஎஃப்எக்ஸ் செய்யும் சின்ன ஸ்டுடியோக்கள், பிளெண்டர் என்ற 3டி மென்பொருளைக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள், ரெண்டர் எடுக்கும் ஆர்க்கிடெக்சர் மாணவர்கள் எல்லோருக்கும் அதே கார்டுதான் தேவை.

கார்டு கம்பெனிகள் ஒன்றும் செய்யவில்லையா?

செய்தார்கள், அரைமனதோடு. 2021 பிப்ரவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 3060-ல் எத்தீரியம் மைனிங் வேகத்தைப் பாதியாகக் குறைக்கும் தடை ஒன்றை என்விடியா வைத்தது. அடுத்த மாதமே அவர்களுடைய ஒரு சோதனை டிரைவர் அந்தத் தடையைத் தவறுதலாக நீக்கிவிட்டது. பிறகு மே மாதத்திலிருந்து மற்ற மாடல்களிலும் எல்எச்ஆர் என்ற பெயரில் தடை வந்தது. மைனிங் மென்பொருள் எழுதுபவர்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து, 2022 மே மாதம் முழுதாகத் திறந்துவிட்டார்கள்.

மைனிங்குக்கு மட்டும் என்று சிஎம்பி வரிசைக் கார்டுகளும் வந்தன. மானிட்டர் வயர் செருக இடமே இல்லாதவை. கேமிங் கார்டு மைனிங்கிலிருந்து திரும்பி வந்தால் இன்னொரு மாணவருக்குப் பயன்படும். இவை குப்பைக்குத்தான் போகும். இதை ஒரு தீர்வு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

முந்தைய அலையான 2017-ல் மைனிங்கால் எவ்வளவு விற்பனை கூடியது என்பதை முதலீட்டாளர்களிடம் சரியாகச் சொல்லவில்லை என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் குற்றம் சாட்டியது. அதற்காக 2022 மே மாதம் என்விடியா 55 லட்சம் டாலர் அபராதம் கட்டியது.

ஏஎம்டி வேறு வழியில் போனது. 2022 ஜனவரியில் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியில் 4 ஜிபி மெமரி மட்டும். மைனிங் செய்ய கார்டின் மெமரியில் ஏற்ற வேண்டிய எத்தீரியத்தின் தரவுக் கோப்பு அதற்குள் 4 ஜிபியைத் தாண்டியிருந்ததால் மைனர்கள் அதைத் தொடவில்லை. கேமர்களுக்கும் அது நல்ல கார்டாக இல்லை. மதர்போர்டோடு நான்கு தடத்தில்தான் (தரவு போய்வரும் லேன்) பேசும், பழைய மதர்போர்டில் போட்டால் வேகம் கண்ணுக்குத் தெரியும் அளவு குறையும், வீடியோ என்கோடரும் கிடையாது.

ஹார்ட் டிஸ்க், பிராசஸர் விலையும் ஏறியதா?

2021-ல் சியா என்ற நாணயம் வந்தது. அதற்கு வேண்டியது காலி டிஸ்க் இடம். 100 ஜிபி அளவுள்ள கோப்புகளை உருவாக்கி நிரப்பி வைக்க வேண்டும். அதற்காகப் பெரிய ஹார்ட் டிஸ்குகளைச் சில மாதம் அள்ளினார்கள். கோப்பை உருவாக்கும்போது அதைப் போலப் பல மடங்கு தரவை எழுதி எழுதி அழிப்பதால், சாதாரண எஸ்எஸ்டியின் ஆயுள் சில வாரத்திலேயே கரைந்தது. அதனால் செகண்ட் ஹேண்டில் எஸ்எஸ்டி வாங்கினால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டு, மொத்தம் எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

பிராசஸரில் ஓடுவது மொனேரோ என்ற நாணயம். அதனால் கடையில் பெரிய பாதிப்பு வரவில்லை. அதிக வாட் எஸ்எம்பிஎஸ் மட்டும் அந்தச் சமயத்தில் தட்டுப்பாடாக இருந்தது.

இப்போது மைனிங் முடிந்துவிட்டதா?

கார்டு மைனிங்கைப் பொறுத்தவரை ஏறக்குறைய முடிந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் இந்தப் போட்டி முறையையே கைவிட்டு, நாணயத்தைப் பிணையாக வைப்பவர்கள் பேரேட்டை எழுதும் முறைக்கு மாறியது. அதன் மின்செலவு 99 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்த கார்டுகள் எல்லாம் வேறு சின்ன நாணயங்களுக்குத் தாவ, அங்கே வருமானம் கரண்ட் செலவுக்கும் கீழே போய்விட்டது. அப்புறம் நடந்தது தெரியும்: ஓஎல்எக்ஸிலும் முகநூல் குழுக்களிலும் 3060 டிஐ, 3070 மூட்டை மூட்டையாக வந்து இறங்கின.

மைனிங் போன பிறகும் ஏன் பழைய விலை திரும்பவில்லை?

எனக்கு இதுதான் மிகவும் வருத்தம் தரும் விஷயம். 15,000 ரூபாய்க்கு நல்ல கார்டு என்று ஒரு காலம் இருந்தது. இந்த இரண்டு அலைகளும், ஒரு கார்டுக்கு மக்கள் எவ்வளவுவரை கொடுப்பார்கள் என்று விற்பவர்களுக்குக் காட்டிக் கொடுத்துவிட்டன. அதன்பின் குறைந்த விலைக் கார்டுகளில் கம்பெனிகள் அதிகம் அக்கறை காட்டவில்லை. கீழ்மட்டத்தை விட்டுவிட்டு மேலே ஏறிப் போனார்கள்.

2023-லிருந்து மைனிங் இருந்த இடத்துக்கு ஏஐ வந்துவிட்டது. சிப் கம்பெனிகளுக்கு டேட்டா சென்டர் கார்டில் கிடைக்கும் லாபம் கேமிங் கார்டில் இல்லை. 2025 கடைசியில் ரேம் விலை சில மாதங்களுக்குள் இரண்டு மடங்குக்கு மேல் போனதும் இதே காரணத்தால்தான். அந்த டிசம்பரில் மைக்ரான், சாதாரண மக்களுக்கு ரேமும் எஸ்எஸ்டியும் விற்ற குரூஷியல் தொழிலை மூடுவதாகவே அறிவித்துவிட்டது. மைனிங் அலை வடிந்ததும் கார்டுகள் செகண்ட் ஹேண்டில் நம்மிடம் வந்தன. டேட்டா சென்டர் கார்டுகள் அப்படி வந்தாலும் பெரும்பாலும் நம் கேமிங் பிசிக்கு உதவாது.

மைனிங்கில் ஓடிய கார்டை வாங்கலாமா?

வாங்கலாம், விலை சரியாக இருந்து, கண்ணெதிரே ஓட்டிப் பார்க்க விட்டால். "மைனிங் கார்டா, தொடவே தொடாதே" என்பது முழு உண்மை இல்லை.

விவரம் தெரிந்த மைனர் கரண்ட் செலவுக்குப் பயந்து கார்டின் மின்னழுத்தத்தைக் குறைத்துத்தான் ஓட்டுவார். கார்டு எந்நேரமும் ஒரே சூட்டில் இருக்கும். கேமரின் கார்டோ தினமும் சூடாகி ஆறி, சூடாகி ஆறி ஓடுகிறது. சால்டர் இணைப்புகளுக்கு இந்த ஏற்ற இறக்கமும் நல்லதல்ல. ஆகவே சிப்பைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியவை மூன்று. முதலாவது ஃபேன். இரவு பகலாக வருடக்கணக்கில் சுற்றி பேரிங் தேய்ந்திருக்கும். அடுத்தது மெமரி. எத்தீரியம் கசக்கிப் பிழிந்தது மெமரியைத்தான். 3080, 3090 போன்ற ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரிக் கார்டுகளில் மைனிங்கின்போது மெமரிச் சூடு 110 டிகிரியைத் தொட்டு, கார்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்ட கதை நிறைய. இந்த வகையை நான் கொஞ்சம் தள்ளியே வைப்பேன். 3060 டிஐ, 3070, 1660 சூப்பர் இவற்றில் அந்தப் பிரச்சினை குறைவு.

மூன்றாவது சென்னை. வெளியூர்க்காரர்கள் எழுதும் வழிகாட்டிகளில் இது இருக்காது. மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறையில், கத்திரி வெயிலில், ஏசி இல்லாமல் டேபிள் ஃபேன் வைத்து ஓட்டிய ரிக்குகள் (பல கார்டுகளைச் சேர்த்து மாட்டிய மைனிங் கணினிகள்) இங்கே உண்டு. கடலோரம் என்றால் உப்புக் காற்று வேறு. திருவான்மியூர், பெசன்ட் நகர், ராயபுரம் பக்கத்து வீடுகளில் இரும்பு கேட் என்ன ஆகிறது என்று பார்த்திருப்பீர்கள். கேபினெட் இல்லாமல் திறந்த சட்டத்தில் கிடந்த கார்டுக்கும் அதுதான் நடக்கும்.

வாங்கும் முன் எப்படிச் சோதிப்பது?

பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கார்டை கேபினெட்டில் திருகும் இரும்புப் பட்டையில் துரு, எச்டிஎம்ஐ வாயில் பச்சை அல்லது வெள்ளைப் பூப்பு, ஹீட்சிங்க் இடுக்கில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். எண்ணெய்க் கசிவு, சூட்டைக் கடத்த வைக்கும் தெர்மல் பேடிலிருந்து வருவது, அதுமட்டும் என்றால் பேடை மாற்றிவிடலாம். துரு என்றால் விட்டுவிடுங்கள், உள்ளே என்ன அரித்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. பழைய கார்டு பளபளவென்று புதிதுபோல் இருந்தாலும் சந்தேகப்படுங்கள். தண்ணீரில் கழுவி விற்றவர்கள் இருக்கிறார்கள்.

ஃபேனை விரலால் மெதுவாகச் சுற்றுங்கள். கரகரவென்று இருந்தாலோ பக்கவாட்டில் ஆடினாலோ ஃபேன் மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

பிறகு அவர் பிசியிலேயே மாட்டி ஓட்டச் சொல்ல வேண்டும். கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து மாடலும் மெமரி அளவும் சரிதானா என்று பார்ப்பது முதல் வேலை. அதிலேயே, லோடு கொடுத்த நிலையில் கார்டு முழுத் தடத்தில் பேசுகிறதா என்றும் தெரியும். 16 என்று வர வேண்டிய மாடலில் 8 அல்லது 1 என்று வந்தால், ரைசரில் (கார்டை மதர்போர்டிலிருந்து தள்ளி மாட்ட உதவும் இணைப்பு) செருகிச் செருகி, கார்டின் அடியில் உள்ள தங்கப் பல் தேய்ந்திருக்கலாம். அடுத்து ஏதாவது ஒரு கனமான கேமை அரை மணி நேரம். பக்கத்தில் சூடு காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருள் திறந்திருக்கட்டும். சிப்பின் சராசரிச் சூட்டுக்கும் ஹாட்ஸ்பாட் (சிப்பில் அதிகம் சூடாகும் இடம்) சூட்டுக்கும் 15, 20 டிகிரி வித்தியாசம் இருப்பது சாதாரணம். 30-ஐத் தாண்டினால் சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் பூசிய தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டது அல்லது ஹீட்சிங்க் சரியாக உட்காரவில்லை. கடைசியாக மெம்டெஸ்ட் வல்கன் என்ற இலவச மென்பொருளைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். மெமரியில் ஒரு பிழை காட்டினாலும் வாங்காதீர்கள். "டிரைவர் மாத்தினா சரியாயிடும்" என்பார்கள். ஆகாது.

மானிட்டர் வயரை ஒவ்வொரு போர்ட்டிலும் செருகிப் பார்ப்பதையும் விட்டுவிட வேண்டாம்.

சோதிக்க விடாதவரிடம் பேசிக்கொண்டிருக்காமல் கிளம்பிவிடுங்கள். மெட்ரோ பார்க்கிங்கில் நின்று கவரில் போட்டுக் கொடுக்கும் கார்டு எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

"மைனிங்கே செய்யவில்லை, வீட்டில் தம்பி கேம் ஆடினான்" என்கிறார். கண்டுபிடிக்க முடியுமா?

கார்டில் கிலோமீட்டர் மீட்டர் மாதிரி எதுவும் கிடையாது. உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரே ஆளிடம் ஒரே மாடலில் ஆறு கார்டு இருந்தால் புரிந்துகொள்ளலாம். பில் தேதி 2021 தொடக்கம் என்றால் வாய்ப்பு அதிகம். ஆர்எக்ஸ் 570, 580 என்றால் மைனிங்குக்காக கார்டின் பயாஸை (அதற்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) மாற்றியிருக்கலாம். அப்படி மாற்றியதில் சாதாரண ஏஎம்டி டிரைவர் ஏறாமல் மக்கர் செய்யும், அசல் பயாஸைத் திரும்ப ஏற்ற வேண்டியிருக்கும். "மைனிங்கில் ஓடியது, இந்தச் சூட்டில் வைத்திருந்தேன், போன வருடம் பேஸ்ட் மாற்றினேன்" என்று நேராகச் சொல்பவரை நான் அதிகம் நம்புவேன்.

ஆன்லைனில் 6,000 ரூபாய்க்கு 580 கார்டு வருகிறதே?

பெரும்பாலும் அது 2048எஸ்பி வகை. உண்மையான 580-ல் 2304 கணக்கு அலகுகள் இருக்கும், இதில் 2048 தான். 570-க்கு 580 என்று பெயர் ஒட்டியது. அதிலும் மைனிங்கில் ஓடி, சிப்பைக் கழற்றி வேறு போர்டில் ஒட்டி, புது ஃபேன் மாட்டி வருபவை நிறைய. பி106-100 என்று ஒன்றும் வரும். அது 1060-ன் மைனிங் பதிப்பு, படம் வெளியே வர வழியே இல்லை. முதல் பிசிக்கு இரண்டும் வேண்டாம்.

வாரண்டி?

மிச்சம் வாரண்டி உள்ள கார்டுக்கு இரண்டாயிரம் மூவாயிரம் கூடக் கொடுக்கலாம், தப்பில்லை. இந்தியாவில் வாரண்டி பார்ப்பது பிராண்டின் விநியோகஸ்தர். சிலர் சீரியல் நம்பரை மட்டும் பார்ப்பார்கள், சிலர் பில்லும் கேட்பார்கள். அதனால் ஜிஎஸ்டி பில் ஒரிஜினலை வாங்குங்கள், சீரியல் ஸ்டிக்கர் கிழியாமல் இருக்கிறதா, பில்லில் உள்ள நம்பரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்த கார்டுக்கு இங்கே பெரும்பாலும் வாரண்டி செல்லாது.

என் கார்டு ராத்திரி சும்மாதானே இருக்கிறது. நான் மைனிங் செய்தால் என்ன?

கணக்குப் போட்டுவிடலாம். நடுத்தரக் கார்டு ஒன்றோடு பிசி மொத்தம் 200 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். 24 மணி நேரம் ஓடினால் 4.8 யூனிட். நம் இ.பி. பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, 60 நாளைக்கு 288 யூனிட். கோடையில் ஏசி ஓடும் வீட்டில் இது தனியாக நிற்காது, ஏற்கெனவே இருக்கும் யூனிட்டின் மேல் போய் உட்காரும். 500 யூனிட் தாண்டினால் கீழ்ப்படிகளின் விலையும் ஏறிவிடும். 1,000 தாண்டிய யூனிட் ஒவ்வொன்றும் 11 ரூபாய்க்கு மேல். அந்த அறைச் சூட்டைத் தணிக்க ஏசி செய்யும் கூடுதல் வேலையைச் சேர்க்கவே இல்லை.

அப்புறம் வரி. 2022 ஏப்ரலிலிருந்து கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, அதோடு செஸ். அந்த ஜூலையிலிருந்து விற்கும்போது 1 சதவீத டிடிஎஸ் பிடித்தம். மைனிங்குக்காக வாங்கிய சாமான் செலவைக் கழிக்க முடியாது என்று மத்திய அரசு தெளிவாகவே சொல்லிவிட்டது. கல்லூரிக் கட்டணத்துக்கு ஆகும் என்று கடன் வாங்கி ரிக் போட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்.

எனக்குத் தெரியாமல் என் பிசியில் மைனிங் ஓட முடியுமா?

முடியும். கிராக் செய்த கேம், இலவச சாப்ட்வேர் கீ என்று இறக்கினால் உள்ளே மைனர் ஒட்டிக்கொண்டு வருவது பழைய தந்திரம். எந்த வேலையும் இல்லாதபோது ஃபேன் இரைகிறது, டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் அடங்கிவிடுகிறது என்றால் அதுவாக இருக்கலாம். விண்டோஸ் டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டுங்கள். அதற்கும் போகவில்லை என்றால் பைல்களை எடுத்து வைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவதே நல்லது. பிரவுசிங் சென்டர், கேமிங் சென்டர் வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறையாவது எல்லா மெஷினையும் பார்த்துவிட வேண்டும்.

வாங்கிய மைனிங் கார்டு ஆறு மாதத்தில் செத்துவிட்டது. தூக்கிப் போட வேண்டியதுதானா?

அவசரப்பட வேண்டாம். ரிச்சி ஸ்ட்ரீட் சுற்றுவட்டாரத்தில் சிப் லெவல் சர்வீஸ் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு மெமரி சிப் மட்டும் போயிருந்தால் மாற்றித் தருவார்கள். எந்தச் சிப், என்ன விலை என்று முதலிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். முக்கியச் சிப்பே போயிருந்தால் செலவு செய்யாதீர்கள், ஹாட் ஏர் காட்டி உயிர் கொடுத்தாலும் சில வாரம்தான் தாங்கும். அப்படிப்பட்ட கார்டின் ஃபேனும் ஹீட்சிங்கும் அதே மாடல் வைத்திருக்கும் இன்னொருவருக்கு உதவும், ஸ்பேராக விற்றுவிடலாம். வெறும் போர்டை அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சி நிறுவனத்திடம் கொடுங்கள்.